நெஞ்சுக்குள் ஒரு புளியங்கொட்டை

குக்கரை இறக்கி வைத்த பிறகும் விசில் சத்தம் கேட்டது. மெல்லிய, இழுவையான சத்தம். உமாராணி அடுப்பைப் பார்த்தாள், அணைந்திருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டாள். சத்தம் நின்றது. மூச்சை விட்டாள். மறுபடியும் கேட்டது.

போன வாரம், குற்றாலம் சீசனுக்கு வரப்போகிற விருந்தாளிகளுக்காகப் புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தவள், ஆசைக்குக் கொட்டையோடு ஒரு துண்டை வாயில் போட்டுச் சப்பிக்கொண்டிருந்தாள். "ஏட்டி, காது கேக்கலையா?" என்று வாசலிலிருந்து புருஷன் தளவாய் அதட்டினான். திடுக்கிட்டு மூச்சை இழுத்தாள். கொட்டையும் கூடவே போய்விட்டது. கண்ணில் நீர் வழிய இருமி ஓய்ந்தாள். பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் எல்லாம் அடங்கிவிட்டது. அந்த அடக்கம்தான் அவளைப் பயமுறுத்தியது.

"வயித்துக்குள்ள போயிருக்கும். ரெண்டு பழத்தத் தின்னு," என்றான் தளவாய். போலீஸ் ஏட்டு. அவன் சொல்லிவிட்டால் விசாரணை முடிந்த மாதிரி.

"வயித்துல இல்லங்க. இங்கன இருக்கு." வலது நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள்.

"சீசன் முடியட்டும். தென்காசில போய்ப் படம் எடுத்துப் பாப்போம். வீட்டுக்கு ஆள் வாற நேரத்துல எதையாவது கெளப்பாத."

தளவாயின் தங்கை அனுசியா மதுரையிலிருந்து குடும்பத்தோடு வந்து இறங்கினாள். இலஞ்சியில் அந்தச் சின்ன வீடு முழுக்க ஈரத் துண்டும் எண்ணெய்ப் பிசுக்கும் நாறின. சாரல் விடாமல் அடித்ததில் பகலிலேயே விளக்குப் போட வேண்டியிருந்தது. உமாராணி இடது பக்கம் சாய்ந்து படுத்தால் நெஞ்சுக்குள் விசில் பெரிதாகும். "சன்னலச் சாத்து, காத்து கீச்சுங்குது," என்பான் தளவாய். அவள் எழுந்து, சாத்தியிருந்த சன்னலையே தொட்டுவிட்டு வருவாள்.

இருமினால் அனுசியா முகம் சுளித்தாள். "பிள்ளையளுக்கு ஒட்டிக்கிடும் மதினி." அதிலிருந்து முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு இருமலை விழுங்கப் பழகிக்கொண்டாள்.

இன்று காலையில் பின்சுவரோரம் குப்பையைக் கொட்டப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். அன்றைக்கு அவள் வீசிய புளியங்கொட்டைகள் சாரலில் ஊறிக் கிடந்தன. கறுப்புத் தோல் வெடித்து, உள்ளிருந்த வெள்ளைப் பருப்பு பிதுங்கி, ஒவ்வொன்றும் இரண்டு மடங்காகப் பருத்திருந்தது. அவள் கை தானாக நெஞ்சுக்குப் போனது. உள்ளேயும் ஈரம்தானே. அதன்பிறகு ஆழமாக மூச்சிழுக்கவே பயந்தாள்.

மத்தியானம் அருவியில் குளித்துவிட்டு வந்தவர்கள் பசியோடு சாப்பிட உட்கார்ந்தார்கள். அவள் ரசச் சட்டியோடு அடுக்களை வாசலுக்கு வந்தாள்.

இருமல் முட்டியது. அடக்கினாள். முடியவில்லை.

ஒரே ஒரு இருமல்.

உள்ளே ஏதோ கழன்றது. மேலே ஏறியது. குரல்வளையில் வந்து நின்றது.

மூச்சை இழுத்தாள். வரவில்லை. கத்தினாள். சத்தம் இல்லை. சட்டியைக் கீழே வைத்தாளா, அது விழுந்ததா, தெரியவில்லை. ஒரு கையால் வாசல் நிலையைப் பிடித்தாள். மறு கை கழுத்தில்.

அனுசியா நிமிர்ந்து பார்த்தாள். "மதினிக்குக் கோவம் வந்துட்டு. மூஞ்சி எப்பிடிச் செவந்துருக்கு பாருங்க."

சிரித்தார்கள்.

சுவரை அறைந்தாள். மறுபடி அறைந்தாள்.

"மெதுவாட்டி," என்றான் தளவாய். கண் செல்போனில் இருந்தது. அன்று எடுத்த அருவி வீடியோ. தண்ணீர் இரைந்து கொட்டியது. "ரசம் எங்க?"

முதுகு நிலையில் உரசி இறங்கியது. தரை. ஈரம். யாரோ அப்பளம் நொறுக்கும் சத்தம். ஓரங்களிலிருந்து இருட்டு உள்ளே வந்தது. நடுவில் ஒரே ஒரு வெளிச்ச வட்டம். அதற்குள் அவன் கை.

சோற்றைக் குழித்து வைத்த தட்டை அவளை நோக்கி நீட்டியபடியே இருந்தான். திரும்பிப் பார்க்கவில்லை.