காலி... காலி...

பூனாவின் ஜூலை மழை பகலையே விழுங்கிவிடும். 1958-இல் ஒருநாள், மதியச் சாப்பாடு முடிவதற்குள் பெண்கள் அறுவை வார்டில் இருட்டு கட்டிக்கொண்டது. வெள்ளைக்காரன் காலத்துக் கருங்கல் கட்டடம். நாலு தூறல் விழுந்தால் கரண்டு போய்விடும். ஆம்பூரிலிருந்து வந்து நர்சிங் படிக்கும் ஜொஹ்ராவுக்கு அந்த வார்டில் அன்றுதான் முதல் நாள்.

"ஏட்டி, இந்த தர்மாம்பாளுக்குக் காலையிலதான் கிட்னிக் கல்லு எடுத்திருக்கு. நாடியப் பாரு, கட்டப் பாரு. நான் ஆபரேஷன் தியேட்டருக்குப் போயிட்டு வாரேன்," என்றார் அந்தோணியம்மாள் சிஸ்டர்.

"நான் பாத்துக்கிறேன் சிஸ்டர்," என்று வீறாப்பாகச் சொன்னாள் ஜொஹ்ரா. அவள் வாய் எப்போதுமே நெஞ்சைவிட ஒரு முழம் நீளம்.

பதினோராம் கட்டிலில் தர்மாம்பாள் கண்ணைத் திறந்தாள். "வீட்டுல கைப்பிள்ளைய விட்டுட்டு வந்திருக்கேம்மா. பொழச்சிருவேன்ல?"

"நல்லாத்தான் இருக்கீங்கக்கா. கட்டு காஞ்சே இருக்கு."

அப்போதுதான் அது கேட்டது.

"காலி..."

ஈரமான ஒரு பெண் குரல். ஜொஹ்ரா குளுக்கோஸ் பாட்டிலைப் பார்த்தாள். பாதிக்கு மேல் இருந்தது. தண்ணீர்க் கூஜா நிறைய இருந்தது. பக்கத்துக் கட்டில்களில் எல்லோரும் உறங்கிக்கொண்டிருந்தார்கள். எதுவும் காலியாக இல்லை.

"காலி... காலி..."

இந்த முறை அவள் முழங்காலுக்கு அருகிலிருந்து வந்தது.

ஸ்பிரிட் வாடையை மீறி இன்னொரு வாடை மூக்கில் ஏறியது. துருப்பிடித்த இரும்பு மாதிரி ஒரு பச்சை வாடை. தர்மாம்பாள் தலையை இப்படியும் அப்படியும் உருட்டினாள். நெற்றி சில்லென்று வேர்த்திருந்தது. நாடி நூல்போல மெலிந்து, தறிகெட்டு ஓடியது. இடுப்புக் கட்டோ வெள்ளை வெளேரென்று காய்ந்திருந்தது. யா அல்லாஹ், எங்கே தப்பு?

ஆயா ருக்மிணி லாந்தரோடு வந்தாள். மராட்டிக்காரி, தமிழ் நர்சுகளோடு பழகித் தமிழ் பேசுவாள்.

"ஆயா, யாரு 'காலி, காலி'ன்னு சொல்றது? என்ன காலியாச்சு?"

ருக்மிணி லாந்தரைத் தாழ்த்திப் பிடித்தாள்.

"எங்க மராட்டில காலின்னா..." விரலைத் தரையை நோக்கி நீட்டினாள். "கீழே."

"கீழேயா?"

"போன மழைக்கு கசார்வாடிக்காரி ஒருத்தி இதே கட்டில்ல 'காலி, காலி'ன்னு கத்திச்சு. உன்னைப்போல ஒரு தமிழ்ப் பொண்ணு, கூஜா காலின்னு நினைச்சு தண்ணி எடுக்கப் போச்சு. மேலே கட்டு காய்ஞ்சு இருந்துச்சு மகளே. கீழே பூரா ரத்தம். அது பொழைக்கல."

ஜொஹ்ராவுக்கு ஓடிவிடலாம் போலிருந்தது. ஆனால் அந்தக் கைப்பிள்ளை?

பிஸ்மில்லாஹ் என்று தர்மாம்பாளின் முதுகுக்கு அடியில் கையை நுழைத்தாள்.

வெதுவெதுப்பாக நனைந்தது.

இன்னும் உள்ளே விட்டாள்.

அங்கே ஏற்கனவே ஒரு கை இருந்தது.

பனிக்கட்டி போன்ற விரல்கள் அவள் விரல்களைப் பற்றி இழுத்து, ரத்தம் பீறிடும் இடத்தில் அழுத்தின. ஜொஹ்ரா அலறிய அலறலில் தியேட்டரிலிருந்து ஆட்கள் ஓடி வந்து தர்மாம்பாளைத் தூக்கிப் போனார்கள்.

விளக்கு வந்த பிறகு அந்தோணியம்மாள் திரும்பி வந்தார். "ரத்தக்குழாயக் கட்டியாச்சு. பொழச்சிட்டா. எப்படிட்டி கண்டுபிடிச்ச?"

ஜொஹ்ரா பதினோராம் கட்டிலுக்குப் புது மெத்தை போட்டு, சலவை விரிப்பை விரித்துக்கொண்டிருந்தாள். கட்டிலில் யாரும் இல்லை.

மெத்தை மெல்ல அமுங்கியது, ஓர் ஆள் படுத்த அளவுக்கு.

விரிப்பைத் தொட்டுப் பார்த்தாள். காய்ந்துதான் இருந்தது.

"காலி..."

கட்டிலுக்கு அடியில், தரையில், சொட்டுச் சொட்டாக விழும் சத்தம் கேட்டது.