மாடிப்படிக்குக் கீழே கடல்

புயல் மாலை ஐந்து மணிவாக்கில் கரையைக் கடக்கும் என்று சொல்லியிருந்தார்கள். சிட்லபாக்கம் ஏரிக்கரைத் தெருவில் கேப்டன் ராஜகோபாலன் வீட்டு வாசலில் நான் ஸ்கூட்டரை நிறுத்தியபோது மணி இரண்டு. தெருவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. அத்தனை இருட்டு.

என் பெயர் முதாசிர். குரோம்பேட்டையில் இன்வெர்ட்டர் கடை வைத்திருக்கிறேன். அன்றைக்குக் கடையை அடைத்துவிட்டுக் கிளம்பும்போதுதான் கேப்டனின் மனைவி திரிபுரசுந்தரி அம்மா போன் செய்தார். அவருக்கு நுரையீரல் பாதி போய்விட்டது. மூக்கில் குழாய் வைத்து, ஆக்சிஜன் மெஷினோடுதான் வாழ்க்கை.

"பாய், காலம்பற கரண்ட் போனப்ப இன்வெர்ட்டர் பத்து நிமிஷம்கூட நிக்கல. ராத்திரி முழுக்க கரண்ட் இருக்காதுன்னு சொல்றா. மெஷின் நின்னா என் மூச்சும் நின்னுடும்பா."

அப்புறம் எப்படி வீட்டுக்குப் போவது? புது பேட்டரி ஒன்றைக் கால் வைக்கும் இடத்தில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன்.

கதவைத் திறந்த கேப்டன் என்னைப் பார்க்கவில்லை. ஹாலில் காற்றழுத்தம் காட்டும், வெண்கல வளையம் போட்ட பாரோமீட்டர் ஒன்று மாட்டியிருந்தது. திரும்பிப் போய் அதன் முன்னால் நின்றுகொண்டார். கப்பலில் முப்பது வருடம் ஓடியவர். எழுபதை நெருங்கியும் தோள் இறங்காத மனிதர். அன்றைக்கு அதன் முள்ளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றாறு. இன்னும் விழும்," என்றார்.

அம்மா பின்னறையில் படுத்திருந்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார். "எல்லாப் புயலுக்கும் என்னை பெங்களூர் கூட்டிண்டு போயிடுவார், பாய். இந்தத் தடவை என்னால நகர முடியல. அதான் காலைலேர்ந்து சாப்பிடாம நிக்கறார்."

மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன அறை. ஜன்னல் கிடையாது. ஓர் ஆள் குனிந்து நுழையும் அளவுக்கு மரக்கதவு, வெளியே ஒரு தாழ்ப்பாள். உள்ளே இன்வெர்ட்டர், பழைய பெட்டிகள், அவ்வளவுதான். பேட்டரியை மாற்ற அரை மணி நேரம் ஆனது. நான் வெளியே வந்த அடுத்த நிமிடம் தெரு முழுக்கக் கரண்ட் போனது. இன்வெர்ட்டர் எடுத்துக்கொண்டது. அம்மாவின் மெஷின் நிற்காமல் மூச்சு விட்டது.

காற்று அதற்குள் வெறிபிடித்திருந்தது. எதிர்வீட்டுத் தகரக் கூரை பிய்ந்து மதில்மேல் மோதிக் கிழிந்தது. முருங்கை மரம் முறிந்து என் ஸ்கூட்டர் மேல் விழுந்தது. இனி எங்கே போவது? என் மனைவி ருக்சாருக்குப் போன் போட்டு, காற்று அடங்கியதும் வருகிறேன் என்றேன்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

டொக். டொக். டொக்.

மாடிப்படிக்குக் கீழேயிருந்து.

நான் இப்போதுதான் வெளியே வந்து தாழ்ப்பாள் போட்ட அறை அது. உள்ளே யாரும் இல்லை. இருக்கவும் முடியாது. எலியோ, சரிந்த பெட்டியோ என்று எழுந்தேன். கேப்டன் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"திறக்காதே."

"சார், உள்ள ஏதோ..."

"எனக்குத் தெரியும். பெங்களூர்ல இருந்தாலும் கேட்கும். அங்கே தூரத்துல கேட்கும்."

மறுபடி தட்டல் கேட்டது. மரத்தில் தட்டும் சத்தம் இல்லை அது. இரும்பில் இரும்பால் அடிக்கிற சத்தம். வீட்டின் சுவரெல்லாம் அதிர்ந்தது. பாரோமீட்டரின் முள் தொள்ளாயிரத்துத் தொண்ணூறைத் தொட்டது.

கேப்டன் நாற்காலியில் உட்கார்ந்து, என்னிடமா, தனக்குத்தானேயா என்று தெரியாத குரலில் பேசினார்.

"பத்தொன்பது வருஷம் ஆச்சு. அந்தமானுக்கு மேற்கே. இதே மாதிரி புயல். கப்பலோட முன்பக்கம் கிழிஞ்சு தண்ணி வந்துது. அடைக்கறதுக்கு மூணு பேரை உள்ளே அனுப்பினேன். தண்ணி ஏறிடுத்து. அந்த அறையோட இரும்புக் கதவை மூடலேன்னா கப்பலே போயிடும். இருபத்திரண்டு பேர் போயிடுவா. மூடச் சொன்னேன்."

"அவங்க...?"

"மூணு பேரும் உள்ளே உயிரோட இருந்தா. நாற்பது நிமிஷம் தட்டினா."

  அந்த இடத்தில் யாராக இருந்தாலும் மூடித்தான் இருப்பார்கள் என்று எனக்கே தோன்றியது. அவர் தலையை ஆட்டினார்.

"அது இல்லைப்பா. அரை மணி நேரத்துல காற்று குறைஞ்சுது. பம்ப் போட்டுத் தண்ணியை இறைச்சிருக்கலாம். அப்பவும் தட்டல் நிக்கல. மெதுவா கேட்டுது. நான் பயந்தேன். திறக்க விடல. விசாரணையில, மூணு பேரையும் டெக்மேல இருந்து அலை அடிச்சிண்டு போயிடுத்துன்னு சொன்னேன். அவங்க வீட்டுக்கும் அப்படித்தான் எழுதினேன்."

பின்னறைக் கதவு திறந்தே இருந்தது. அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

இன்வெர்ட்டர் நின்றது.

சட்டென்று வீடு இருண்டது. மெஷின் ஒரு முறை கூவிவிட்டு அடங்கியது.

செல்போன் வெளிச்சத்தில் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். வாய் திறந்து மூடியது. கரையில் போட்ட மீன் போல.

"சார், சிலிண்டர் இருக்கா?"

"காலையிலயே தீர்ந்துடுத்து."

ஓடினேன். மாடிப்படிக்குக் கீழே தரை முழுக்க ஈரம். கதவின் அடியிலிருந்து தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. வழுக்கி விழுந்தேன். உதட்டில் பட்ட தண்ணீர் உப்புக் கரித்தது. டீசல் நாற்றம். கடல் இங்கிருந்து பன்னிரண்டு, பதிமூன்று கிலோமீட்டர்.

தாழ்ப்பாளில் கை வைத்தேன். தோள்பட்டையில் ஏதோ விழுந்தது. எலும்பு முறிகிற சத்தம் முதலில், வலி பிறகு. திரும்பினால் கேப்டன். கையில் இரும்புக் குழாய்.

"அது உள்ளே வந்துடும்! எல்லாரையும் கொன்னுடும்!"

"சார், அம்மா செத்துடுவாங்க!"

மறுபடி ஓங்கினார். விலகினேன். குழாய் சுவரில் பட்டுக் காரை பெயர்ந்தது. மூன்றாவது அடி என் முழங்காலில். நான் அவர் இடுப்பைக் கட்டிப்பிடித்தேன். இரண்டு பேரும் அந்த உப்புத் தண்ணீரில் உருண்டோம். கிழவரிடம் அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ, என் கழுத்தை நெரித்துத் தண்ணீரில் அமுக்கினார். இரண்டு அங்குலத் தண்ணீர். அதில் என் மூக்கும் வாயும் முங்கின. அடிக்கு அடி கதவு உள்ளிருந்து இடிபட்டது. இப்போது மூன்று தட்டல் இல்லை. முப்பது கைகள் அடிப்பது போல.

பிடி தளர்ந்தது.

தலையைத் தூக்கினேன். திரிபுரசுந்தரி அம்மா தரையில் தவழ்ந்து வந்திருந்தார். மூக்குக் குழாய் பின்னால் இழுபட்டது. உதடு நீலம். ஒரு சொல்லுக்கு ஒரு மூச்சு.

"திறங்கோ... அவாளைத்... திறந்து... விடுங்கோ."

"சுந்தரி, நீ போ. உள்ளே போ."

"என்னையும்... மூடப்... போறேளா?"

கேப்டன் அவரையே பார்த்தார். பிறகு கதவுக்கு முதுகைக் கொடுத்து, இரண்டு கைகளையும் விரித்து அழுத்திக்கொண்டார். தலையை மட்டும் இல்லை, இல்லை என்று ஆட்டினார்.

தாழ்ப்பாளை இழுத்தது அம்மாதான்.

கதவு திறந்ததை நான் பார்க்கவில்லை. தண்ணீர்தான் தெரிந்தது. கறுப்பாக, சுவர் அளவுக்கு, மார்பில் வந்து அறைந்தது. ஹால் முழுக்க நாற்காலிகள் பறந்தன. பாரோமீட்டர் சுவரிலிருந்து பிடுங்கிக்கொண்டு போனது. நான் படிக்கட்டுக் கம்பியை ஒரு கையால் பிடித்தேன், மறு கையால் அம்மாவின் புடவையை. அந்த நுரைக்குள் கேப்டனின் முகம் தெரிந்தது. அவர் தாடையை ஒரு கை பிடித்திருந்தது. ஊறி வெளுத்து, தோல் உரிந்து தொங்கும் கை. இன்னொன்று தலைமுடியை. இன்னொன்று வாய்க்குள்.

தண்ணீர் அறைக்குள் பின்வாங்கியது. அவரையும் கொண்டு போனது.

கதவு சாத்திக்கொண்டது.

அதே நொடியில் விளக்கு வந்தது. பின்னறையில் மெஷின் மூச்சு விட ஆரம்பித்தது. குழாயை அம்மாவின் மூக்கில் வைத்துவிட்டு, நொண்டிக்கொண்டே கதவுக்கு ஓடினேன். தாழ்ப்பாள் விழவில்லை. ஆனாலும் கதவு அசையவில்லை. அந்த இரும்புக் குழாயால் அடித்தேன். மரக்கதவு கணீர் கணீர் என்று ஒலித்தது. உள்ளேயிருந்து பதிலுக்கு அவர் தட்டினார். என் பெயரைச் சொன்னார். அம்மாவின் பெயரைச் சொன்னார். அப்புறம் சொற்கள் இல்லை, நகம் கீறுகிற சத்தம் மட்டும்.

எவ்வளவு நேரம் என்று நான் கணக்குப் பார்க்கவில்லை. அம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நாற்பது நிமிஷம்," என்றார்.

மறுநாள் காலை தீயணைப்புக்காரர்கள் தொட்டதும் கதவு திறந்தது. அறை காய்ந்து கிடந்தது. நான் போட்ட பேட்டரியின் மேல் தூசிகூட நனையவில்லை. கேப்டன் கதவோரம் குந்தியிருந்தார். பத்து விரலிலும் நகம் இல்லை. நுரையீரலில் கடல் தண்ணீர் என்று டாக்டர் சொன்னார். போலீஸ்காரர் அதை மழைத் தண்ணீர் என்று எழுதிக்கொண்டு போனார். என் தோளெலும்பு கூடுவதற்கு மூன்று மாதம் ஆனது.

அம்மா வீட்டை விற்கவில்லை. அந்த மூன்று குடும்பங்களுக்கும் நடந்ததை நடந்தபடி கடிதம் எழுதினார். இரண்டு வீட்டிலிருந்து பதில் இல்லை. சித்திரை வெயிலில் ஒரு நாள் காசிமேட்டிலிருந்து ஓர் அம்மாள் வந்தார். பெயர் பொன்னியம்மாள். மகன் வெற்றிவேல், இருபத்திரண்டு வயதில் அந்தக் கப்பலில் போனவன். துணைக்கு இருக்கச் சொல்லி அம்மா என்னையும் கூப்பிட்டிருந்தார்.

பொன்னியம்மாள் அழவில்லை, சபிக்கவில்லை. "எங்க கீது அந்த ரூமு?" என்று மட்டும் கேட்டார்.

நான் கதவைத் திறந்து காட்டினேன். இன்வெர்ட்டரை எப்போதோ மாடிக்கு மாற்றிவிட்டேன். அறை காலி. அவர் கதவுமுன் சப்பணமிட்டு உட்கார்ந்தார். வெளியே இலை அசையவில்லை.

"வெற்றி," என்று கூப்பிட்டார். "அம்மா வந்துகீறேன்டா."

காலி அறைக்குள், மிக அருகில், பல் கிட்டிக்கிற ஒரு குரல்.

"குளிருதும்மா."

நான் ஓரடி பின்னால் போனேன். பொன்னியம்மாள் சற்றும் திடுக்கிடவில்லை. கொண்டுவந்த பையிலிருந்து ஒரு கம்பளிப் போர்வையை எடுத்தார். அதை எதற்காகக் கொண்டுவந்தார் என்று இன்றுவரை நான் கேட்டதில்லை. உள்ளே எட்டித் தரையில் வைத்து, கதவை மெல்ல ஒருக்களித்தார். அதில் காதை வைத்து வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு கதவைத் தள்ளினார். போர்வை இல்லை. அந்த அறைக்கு வேறு வழியும் இல்லை.

பொன்னியம்மாள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். முகத்தில் ஒரு நிம்மதி. ஆனால் நெற்றி சுருங்கியிருந்தது. என்னையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பசங்க மூணு பேரும் ஒண்ணாதான் கீறாங்கோ. அவுங்க நடுவுல வயசான ஆளு ஒருத்தரு, வுட்டுருங்கடா வுட்டுருங்கடான்னு கத்திகினே கீறாரே," என்றார். "அது யாருப்பா?"