நாலரை விரல்

மாவுக்கட்டு அச்சை உடைத்து, உள்ளே இறுகியிருந்த வெள்ளைக் காலை வெளியே எடுத்த தில்பர், அதைத் துடைக்காமல் ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். தஜிகிஸ்தான் தலைநகர் துஷான்பேயில் அந்தப் பட்டறையில் இருபது வருஷமாகச் செயற்கைக் கால் செய்கிறவள். ஒரு அச்சை இரண்டாம் தடவை திருப்பிப் பார்க்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. பெஞ்சில் உட்கார்ந்திருந்த மெஹ்ரி அதைக் கவனித்துவிட்டாள்.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்லம்மா. கட்டு போடறப்ப என் கை கொஞ்சம் அழுந்திடுச்சு போல."

மெஹ்ரிக்கு முழங்காலுக்குக் கீழே ஒரு சாண்தான் மிச்சம். அந்த ஒரு சாணின் வார்ப்பில் ஐந்து பள்ளங்கள் சுற்றி வளைத்திருந்தன. தில்பர் மேலிருந்து அழுத்தியவள். அவள் விரல் என்றால் நுனி கீழே பார்த்திருக்க வேண்டும். இவை கீழேயிருந்து மேலே ஏறிப் பிடித்தவை. ஆள்காட்டி விரல் பாதியிலேயே நின்றிருந்தது.

தில்பரின் பத்து விரலும் முழுசாக இருந்தன. மர மில்லில் ஆள்காட்டி விரலில் பாதியைப் பறிகொடுத்தவன் மெஹ்ரியின் புருஷன் நூரலி. அவன் செத்து ஒரு வருஷம் ஆகிறது.

போன குளிர்காலத்தில் ஒரு நாள் விடிந்ததும், துணிமூட்டையைத் தூக்கிக்கொண்டு மெஹ்ரி அவன் வீட்டை விட்டுக் கிளம்பினாள். இனி அடி வாங்குவதில்லை என்று முடிவெடுத்திருந்தாள். அவன் பின்னாலேயே ஓடிவந்து, சறுக்கி விழுந்து, விழுந்தபடியே அவள் கணுக்காலைப் பிடித்தான். அப்போதுதான் மலையிலிருந்து பனி சரிந்து இரண்டு பேரையும் மூடியது. இரண்டு நாள் கழித்துத் தோண்டியவர்கள், செத்தவன் கையை விரல் விரலாகப் பிரிக்க வேண்டியிருந்தது. கால் கறுத்துவிட்டது. ஆஸ்பத்திரியில் வெட்டினார்கள்.

வெட்டிய காலையும் மண்ணில் புதைப்பதுதான் அங்கே முறை. கொழுந்தன் ஷேரலி அதை வெள்ளைத் துணியில் சுற்றி எடுத்துப்போனான். தரை பாறையாக உறைந்திருந்தது. மண் இளகியிருந்த ஒரே இடம் அண்ணனின் புதுக் குழி. அதையே ஒரு முழம் தோண்டி உள்ளே வைத்துவிட்டான். "அண்ணன் கிட்டயே இருக்கட்டும் அண்ணி," என்று நல்லது செய்தவன் போல வந்து சொன்னான். அன்றிலிருந்து இல்லாத காலை யாரோ பிடித்துக்கொண்டே இருந்தார்கள். வெட்டின இடத்தில் அப்படித்தான் இருக்கும் என்றார் டாக்டர்.

தில்பர் அந்தப் பள்ளங்களை மாவு குழைத்து அடைத்து, வழவழவென்று தேய்த்தாள். "வியாழக்கிழமை வாம்மா," என்றாள்.

வியாழக்கிழமை ஷேரலியும் காரோடு வந்தான். துணி ஆலையில் இஸ்திரி மேஜையருகே நின்று செய்யும் வேலையும், தங்க ஒரு கட்டிலும் மெஹ்ரிக்குத் தயாராக இருந்தன. அவன் கேட்டருகே நின்றுகொண்டு சொன்னான்: "ஊன்றுகோல் இல்லாம இந்த கேட் வரைக்கும் நடந்து காட்டுங்க, நான் காலி வண்டியோட ஊருக்குப் போறேன். முடியலன்னா பேசாம ஏறுங்க. அண்ணன் வீடு பூட்டிக் கிடக்கு." அந்த வீட்டு ஜன்னலைத் திறந்தால் இடுகாடு.

உள்ளே சூடான பிளாஸ்டிக்கும் ஈர மாவும் சேர்ந்து நெடியடித்தன. தரையெல்லாம் வெள்ளைப் பொடி. மெஹ்ரி கம்பளிக் காலுறையை மாட்டி, புதுக் காலின் குழிக்குள் மிச்சக் காலை இறக்கினாள். முதலில் ஜில்லென்று, இதமாக இருந்தது. பிறகு அது இறுகியது. ஐந்து இடத்தில்.

தில்பர் காலைக் கழற்றி, உள்ளே கைவிட்டுத் தடவினாள். "வழவழன்னுதானே இருக்கு." சொல்லும்போது அவள் மெஹ்ரியின் முகத்தைப் பார்க்கவில்லை. "இன்னிக்கு வேணாம். அடுத்த வாரம் புதுசா ஒரு கட்டு போடுவோம்."

"இன்னிக்குத்தான்க்கா. மாட்டு."

பயம்தான். ஆனால் பயத்தைவிடக் கோபம் பெரிதாக இருந்தது. "உயிரோட இருந்தப்பவே இவனை உதறிட்டு வாசப்படி தாண்டினவ நான். செத்த பிறகா அடங்கிப் போவேன்?"

நடை பழகும் இரண்டு கம்பிகளுக்கு நடுவே எழுந்து நின்றாள். நல்ல காலை வைத்தாள். புதுக் காலைத் தூக்கினாள். கனத்தது. பிளாஸ்டிக்கும் குழாயும் இவ்வளவு கனக்காது. பல்லைக் கடித்து இழுத்தாள். பின்னால் ஏதோ தரையில் உரசியது. எதிரே கண்ணாடியில் அவள் மட்டும்.

இன்னொரு அடி. உரசல்.

தில்பர் சுவரோடு ஒட்டி நின்றாள். "திரும்பிப் பார்க்காத," என்றாள் மெதுவாக. "நட."

கம்பி முடிந்தது. கையை எடுத்தாள். கதவு. படி. முற்றத்துப் பனி. முழங்காலுக்குக் கீழே ஈர மண் வாடை. கெண்டைச் சதை இருந்த இடத்தில் நகங்கள். இன்னும் பத்தடி. ஐந்தடி. விழவில்லை.

கேட். தொட்டாள்.

ஷேரலி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் பார்வை அவள் காலுக்குப் பின்னால், தரையோடு தரையாக நின்றது. வாயிலிருந்த சிகரெட் விழுந்தது.

"அண்ணா," என்றான்.

மெஹ்ரி அப்போதுதான் திரும்பினாள். பட்டறைப் படியிலிருந்து அவள் குதிகால் வரைக்கும் பனியில் ஓர் ஆளின் மார்பகலத்துக்கு உழுத தடம். இரண்டு பக்கமும் முழங்கை ஊன்றிய குழிகள். அவள் புதுக் கணுக்காலைச் சுற்றி, கறுப்பாக, ஈரமாக, நாலரை விரல்.

"வழி விடு," என்றாள் ஷேரலியிடம். அவன் விலகினான்.

"நீ வா," என்றாள் கீழே பார்த்து. "ஆலைக்கு மூணு கிலோமீட்டர். முழுக்கச் சரளைக்கல். பிடிச்சுக்க."

அவள் அடி எடுத்து வைத்தாள். பின்னால் பனி ஒரு அடி நகர்ந்து வந்தது.