வெள்ளிக்கிழமை வந்த வில்லைகள்

கிரேஸ் துண்டை அவிழ்த்து மூன்று இரும்பு வில்லைகளை மேசைமேல் வைத்தபோது, அன்புராஜ் கையிலிருந்த டீயைக் குடிக்க மறந்துபோனான். ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். மேலே ஓர் ஓட்டை. நடுவில் புடைத்து நிற்கும் கோடுகள். ஒன்றில் IIV, இன்னொன்றில் IIIV, மூன்றாவதில் IIX.

"மூணு வெள்ளிக்கிழமையா வருது சார். காலைல கதவத் தொறந்தா வாசப்படில கெடக்குது. எங்க ஊட்டுக்காரரு போனதும் ஒரு வெள்ளிக்கிழமதான்" என்றாள் அவள்.

திருவள்ளூர் தேரடிக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடி, வீரராகவனின் அலுவலகம். விபத்து நடந்த இடங்களுக்குப் போய் எது ஏன் உடைந்தது என்று இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்கு எழுதித் தருவது இருபது வருஷமாக அவருடைய தொழில். அன்புராஜ் அவருக்கு ஆம்னி வேன் ஓட்டுகிறவன். துப்பறிகிற வேலையை யாரும் அவனுக்குக் கொடுக்கவில்லை, அவனாகவே எடுத்துக்கொண்டான்.

வீரராகவன் நாற்காலியைக் காட்டினார். கிரேஸ் உட்கார்ந்து சொன்னதன் சுருக்கம் இது. அவள் கணவன் ஜோஷ்வாவுக்குக் கும்மிடிப்பூண்டியில் இரும்பு வார்க்கும் ஒரு பவுண்டரியில் வேலை. கிரேனில் மாட்டுகிற பன்னிரண்டு சங்கிலிகளும் அவன் பொறுப்பு. இரண்டு மாதத்துக்கு முன் ஒரு சங்கிலி அறுந்து, மேலே போய்க்கொண்டிருந்த, மணல் நிரப்பிய அச்சுப்பெட்டி அவன்மேல் விழுந்தது. பழுதான சங்கிலியை யாரும் எடுக்கக் கூடாதென்று அன்று காலை அவனே போர்டில் எழுதியிருந்தான். எழுதியது IX. அறுந்த சங்கிலியில் தொங்கிய எண் வில்லை XI.

"ஒம்போதுக்கும் பதினொண்ணுக்கும் வித்தியாசம் தெரியாம எழுதிட்டாரு, தன் சாவத் தானே எழுதிக்கினாருன்னு கம்பெனில பேசிக்கிறாங்க. ரோமன் நம்பர அவருக்குக் கத்துக்குடுத்தது யாருன்னு நெனைக்கிறீங்க? எங்க மோனிகா. பத்து வயசு. ஸ்கூல்ல அப்போ அந்தப் பாடந்தான் நடந்துச்சு. நாந்தான் நைனாவ சாவடிச்சேன்னு ஒருவாட்டி சொன்னா. அதுலேர்ந்து நோட்டத் தொடறதில்ல, சோறு ஒழுங்கா துன்றதில்ல."

அவள் வில்லைகளை அவர் பக்கம் தள்ளினாள். "எனக்கு வேற ஒண்ணும் வேணாம் சார். அவரு தப்பா எழுதினாரா, இல்லியா? அத மட்டும் கண்டுபுடிச்சு சொல்லுங்க."

வீரராகவன் ஒரு வில்லையை எடுத்து முகர்ந்தார். கோடுகளின் இடுக்கில் கருத்த மணல் ஒட்டியிருந்தது. ஓட்டையின் விளிம்பை விரலால் சுற்றித் தடவினார். "நீயும் தொட்டுப் பாரு அன்பு."

"கூரா இருக்குது சார். கையக் கிழிச்சிடும்போல."

"அத ஞாபகம் வெச்சுக்கோ."

அன்புராஜுக்கு அதைவிடப் பெரிய யோசனை ஒன்று உதித்திருந்தது. "தலைகீழா மாட்டியிருப்பாங்க சார். இந்த IIXஐ அப்டியே சுத்துனா XII வந்துடுது பாருங்க."

"IIVயையும் சுத்து."

சுற்றினான். V கூடாரம்போலக் கவிழ்ந்துகொண்டது. அது எந்த எண்ணும் இல்லை. அன்புராஜ் குரலைத் தாழ்த்தினான். "அப்ப ஒண்ணுதான் சார் பாக்கி. பேய்க்குப் பாதம் பின்பக்கமா திரும்பியிருக்குமாம். எழுத்தும் அப்டித்தானே வரும்?"

வீரராகவன் சிரிக்கவில்லை. "நீ சொல்றதுல பாதிய நம்பறேன்" என்றார். எந்தப் பாதி என்று கேட்க அன்புராஜுக்குத் தைரியம் வரவில்லை.

கவரைப்பேட்டையில் தண்டவாளத்தை ஒட்டிய தெருவில் இருந்தது அந்த வீடு. ஜோஷ்வாவின் மஞ்சள் ஹெல்மெட் இன்னும் ஆணியில் தொங்கியது. பீரோ கண்ணாடியை ஒரு புடவையால் இறுக்கி மூடியிருந்தார்கள். ரயில் போகும்போதெல்லாம் ஹெல்மெட் சுவரில் மெதுவாகத் தட்டியது. யாரோ உள்ளே வர அனுமதி கேட்பதுபோல் இருந்தது அது. அன்புராஜ் வாசலுக்குப் பக்கமாகவே உட்கார்ந்துகொண்டான்.

"கண்ணாடிய ஏம்மா மூடினீங்க?" என்று கேட்டார் வீரராகவன்.

"மொத வில்ல வந்த அன்னிக்கு இவ அதக் கைல வெச்சுக்கினு கண்ணாடி முன்னாடி நின்னா. நைனா ஏழுன்னு எழுதி அனுப்பிருக்காரும்மான்னு சொன்னா. அன்னிக்கே பொடவையப் போட்டு மூடிட்டேன்."

மோனிகா சுவரோரம் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வீரராகவனும் தரையில் உட்கார்ந்தார்.

"நைனா ஒன்பது எப்படி எழுதறதுன்னு கேட்டாராம்மா?"

அவள் தலையை நிமிர்த்தாமலே சொன்னாள். "மொத நாள் சாயந்திரம் கேட்டாரு. Xக்கு முன்னாடி ஒரு கோடுன்னு சொன்னேன். இல்ல, பின்னாடின்னு சொல்லிட்டனா, தெரில. யோசிக்க யோசிக்க ரெண்டும் சொன்னாப்ல இருக்குது."

அந்தக் குழந்தை இரண்டு மாதமாக இந்த ஒரு வாக்கியத்தோடு தனியாக இருந்திருக்கிறது என்று நினைத்தபோது அன்புராஜ் வாசலை விட்டு உள்ளே நகர்ந்து உட்கார்ந்தான். பேய்ப் பயம் அந்த நிமிஷம் எங்கோ போய்விட்டது.

பவுண்டரிக்குப் போனார்கள். சூப்பர்வைசர் தணிகைவேல் மரியாதையாகவே அழைத்துப் போனார். கிரேன் பக்கத்துத் தூணில் கரும்பலகை. அதில் சாக்பீஸ் எழுத்து அப்படியே இருந்தது: IX எடுக்காதே.

"தொடைக்கச் சொன்னா ஒருத்தனும் வர மாட்டேங்கறான் சார். செத்தவன் கையெழுத்தாம். அந்தப் பக்கமா நடக்கவே பயப்படறானுங்க" என்றார் தணிகைவேல்.

அறுந்த சங்கிலி கோணிப்பையில் இரண்டு துண்டாகக் கிடந்தது. வில்லையில் XI. ஓட்டையின் கூர் சங்கிலியில் உரசி மழுங்கியிருந்தது. வீரராகவன் ஸ்டோர் ரிஜிஸ்டரைக் கேட்டார். சங்கிலிகள் வாங்கிய நாளில் எழுதிய பக்கத்தில் விரலை வைத்தார். ஒன்பதாவது சங்கிலி, நீளம் பத்து அடி. பதினொன்றாவது, பதினாலு அடி.

"டேப்பப் புடி அன்பு."

இரண்டு துண்டும் சேர்ந்து பத்து அடி வந்தது. அன்புராஜ் மறுபடியும் அளந்தான். அதே பத்து.

"அப்ப இது ஒம்போதாவது சங்கிலி சார். ஜோஷ்வா எழுதினது சரி. எவனோ வில்லைய மாத்தி மாட்டிக்கீறான். இது கொல சார்."

வீரராகவன் தணிகைவேல் பக்கம் திரும்பினார். "ரோமன் எண் யார் யோசனை?"

"என்னுதுதான். பெயிண்ட்ல எழுதினா சூட்டுல உரிஞ்சு போவுது. இரும்புல வார்க்கலாம்னா, எட்டு ஒம்போதுன்னு வளைச்சு கீறினா மணல் உதிருது. நேர்க்கோடுன்னா நிக்கும். எங்க அச்சு வேலக்காரர் கோபால், முப்பது வருஷ ஆளு, அவர்தான் மணல்ல கீறி வார்த்தாரு. விபத்துக்கு மொத நாள் அவரேதான் மாட்டினாரு."

"ஒண்ணு கேக்கறேன், காரணம் அப்புறம் சொல்றேன். நாலும் ஆறும் இப்போ எங்க தொங்குது? இரண்டையும் இறக்கிடுங்க. இன்னைக்கு யாரும் தொடக் கூடாது."

ஒன்பதைப் பற்றிப் பேச வந்தவர் நாலையும் ஆறையும் ஏன் இழுக்கிறார் என்று அன்புராஜுக்கு விளங்கவில்லை. தணிகைவேலுக்கும் விளங்கவில்லை, ஆனால் அந்தக் குரலைக் கேட்டு உடனே ஆளை அனுப்பினார்.

கோபால் மூலையில் மண்டியிட்டு அச்சுப்பெட்டியில் மணலைத் தட்டிக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். வந்தவர்களை நிமிர்ந்து பார்க்கவே இல்லை. வீரராகவன் அவர் பக்கத்தில் குனிந்து, "சாயந்திரம் ஜோஷ்வா வீட்டுக்கு வரீங்களா?" என்று மட்டும் கேட்டார். கோபாலின் கை நின்றது. சரியென்று தலையை ஆட்டினார்.

மாலை ஐந்து மணிக்கு ஐந்து பேர் அந்தச் சின்ன வீட்டில் இருந்தார்கள். வீரராகவன் எழுந்துபோய்ப் பீரோவின் புடவையை உருவினார். கிரேஸ் ஜெபமாலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"மோனிகா, அன்னைக்கு நீ பார்த்தது சரி" என்றார். IIVயைக் கண்ணாடிமுன் பிடித்தார். கண்ணாடிக்குள் VII நின்றது. "மணலில் எப்படிக் கீறுகிறோமோ, வார்ப்பு அதற்கு இடவலமாகத் திரும்பித்தான் வெளியே வரும். அச்சு வேலை தெரிந்தவர்கள் அதனால் திருப்பித்தான் கீறுவார்கள். இதைக் கீறியவர் அன்றைக்கு மட்டும் திருப்பவில்லை."

"முப்பது வருஷம் வேல பாத்தவரு அத மறப்பாரா சார்?" என்றான் அன்புராஜ்.

"அவர் மறக்கவில்லை. தேவையில்லை என்று நினைத்தார். I, V, X மூன்றையும் தனித்தனியாகப் பார். எந்தப் பக்கம் திருப்பினாலும் அதேதான். எழுத்து மாறவில்லை என்றால் எதைத் திருப்புவது? ஆனால் வரிசை மாறும் என்பது இந்த எண்களுக்குப் புதியவருக்குத் தோன்றாது. ஏழும் எட்டும் பன்னிரண்டும் அர்த்தமில்லாத எண்களாக வந்தன. சூப்பர்வைசர் பார்த்து ஒதுக்கினார். சங்கிலியில் தொங்காத வில்லை, அதனால்தான் ஓட்டை கூராகவே இருக்கிறது. அந்த மூன்றை மட்டும் திருப்பிக் கீறி மறுபடி வார்த்தார்கள். மற்றவற்றை யாரும் சந்தேகப்படவில்லை, ஏனென்றால் அவை சரியான எண்கள்போலவே இருந்தன."

IXஐ ஒரு தாளில் எழுதிக் கண்ணாடியில் காட்டினார். உள்ளே XI.

"ஒன்பது பதினொன்றாக வந்தது, பதினொன்று ஒன்பதாக வந்தது. நாலு ஆறானது, ஆறு நாலானது. ஜோஷ்வா வில்லை மாட்டுவதற்கு முன்பே பழைய பெயிண்டில் ஒன்பது என்று பார்த்து வைத்துக்கொண்டு, அடுத்த நாள் IX என்று சரியாக எழுதினார். போர்டைப் படித்தவர்கள் IX தொங்கிய நல்ல சங்கிலியை ஒதுக்கிவிட்டு, உண்மையான ஒன்பதை மாட்டினார்கள்."

கோபால் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார்.

"எனக்கு அந்த நம்பரு படிக்கத் தெரியாது சார். சீட்டப் பாத்துக் கீறுனேன். வரிசையா வார்த்தேன், வரிசையா கம்பில கோத்தேன், சங்கிலி தொங்கற ஸ்டாண்டுல வரிசையா மாட்டுனேன். அவன் போன மறுநாள்தான் ஒறச்சது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமயும் நைட் ஷிப்ட் முடிச்சு சொல்லிடலாம்னுதான் இங்க வருவேன். கை கதவத் தட்ட மாட்டேங்குது. கைல இருக்கறத வெச்சுட்டுப் போயிடுவேன். யாராவது பாத்துப் புரிஞ்சுக்கட்டும்னு."

கிரேஸ் வாசற்படியைப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "அப்போ, அவரு வரலியா?"

மூன்று வாரமாக அவள் அந்த வாசலைப் பார்த்து நடுங்கியதும் உண்மை, வெள்ளிக்கிழமைக்காகக் காத்திருந்ததும் உண்மை. அன்புராஜ் தலையைக் குனிந்துகொண்டான். ஒரு பேய் இல்லாமல் போனதற்காக அவன் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக வருத்தப்பட்டான்.

"தட்டியிருக்கலாமே அண்ணா" என்றாள் கிரேஸ். "எங்க பொண்ணு ரெண்டு மாசமா செத்துக்கினு இருந்தா."

கோபால் புரியாமல் மோனிகாவைப் பார்த்தார். வீரராகவன் தாழ்ந்த குரலில் கேட்டார்: "அந்தச் சீட்டு யார் கொடுத்தது கோபால்?"

"ஜோஷ்வாதான். எம்பொண்ணு எழுதினதுன்னு பெருமையா குடுத்தான்." சட்டைப்பையிலிருந்து எடுத்து விரித்தார். நோட்டிலிருந்து கிழித்த கோடு போட்ட தாள், மணல் கறுப்பு அப்பி, மடிப்பில் கிழிந்திருந்தது. ஒன்று முதல் பன்னிரண்டு வரை குழந்தைக் கையெழுத்து. ஒன்பதுக்கு நேராக IX.

மோனிகா எழுந்து வந்து அந்தத் தாளைப் பார்த்தாள். ஒன்பதின்மேல் விரலை வைத்து, எடுக்காமல் நின்றாள்.

"முன்னாடிதான்" என்றாள். "முன்னாடிதான் சொன்னேன்."

"ஆமாம்மா" என்றார் வீரராகவன்.

கோபால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நாலும் ஆறும் நாளைக்குத் திரும்ப வார்க்கணும் பாப்பா. பன்னெண்டும் புதுசாவே வார்த்துடறேன். இந்தச் சீட்டு போயிடுச்சு. வேற எழுதித் தருவியா? இந்தவாட்டி நான் கண்ணாடில பாத்துக் கீறறேன்."

அவள் அம்மாவைப் பார்த்தாள். கிரேஸால் உடனே சம்மதிக்க முடியவில்லை. கோபாலைப் பார்த்தாள், ஆணியில் தொங்கிய ஹெல்மெட்டைப் பார்த்தாள், கடைசியில் தலையசைத்தாள்.

மோனிகா பையிலிருந்து நோட்டை எடுத்தாள். ஒன்றிலிருந்து தொடங்கி நிறுத்தாமல் எட்டு வரைக்கும் வந்தாள். ஒன்பதில் பென்சில் நின்றது. வெளியே ஒரு ரயில் போயிற்று, ஹெல்மெட் சுவரில் தட்டியது. இந்தத் தடவை அன்புராஜ் அங்கே திரும்பிப் பார்க்கவில்லை. அந்தப் பென்சிலையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் முதலில் கோட்டைப் போட்டாள். அதற்குப் பிறகு X எழுதினாள்.