பத்தொன்பதாவது வாரம்

பன்னிரண்டு வாரக் கரு யாரையும் திரும்பிப் பார்க்காது. கையைக் காலை உதறும், துள்ளும், ஒருக்களித்துக் கிடக்கும், அவ்வளவுதான். பதினோரு வருடமாக ஸ்கேன் எடுப்பவளுக்கு இது தெரியாததல்ல. ஆனால் அந்தத் திங்கட்கிழமை காலை, முதல் ஆளாக வந்து படுத்த வங்கி ஊழியையின் வயிற்றில் அவள் கருவியை இடப்பக்கம் நகர்த்தியபோது, திரையில் அந்தச் சாம்பல்நிறத் தலையும் கூடவே திரும்பியது. வலப்பக்கம் நகர்த்தினாள். அங்கேயும் வந்தது.

"எல்லாம் நல்லா இருக்கா மேடம்?"

"ம். நார்மல்தான்." ஜெல்லைத் துடைத்துக்கொள்ளத் தாள் கிழித்துக் கொடுத்தாள்.

"உங்களுக்கு எத்தனை பசங்க?"

"ரெண்டு."

ஐந்து முறை தரித்து ஐந்தும் தங்காமல், கடைசியில் கர்ப்பப்பையையும் எடுத்துப் போட்டவள் என்று படுத்திருப்பவளிடம் சொல்ல முடியுமா? முன்பு ஒருமுறை வாய் தவறிச் சொன்னாள். அந்தப் பெண்ணின் மாமியார் நேரே வெளியே போய் வேறு ஆள் கேட்டார். அன்றிலிருந்து அவளுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் கணக்கில் மட்டம், சின்னவள் வாயாடி. கேட்பவர்கள் சந்தோஷமாகச் சிரித்துவிட்டு எழுந்து போவார்கள்.

வெள்ளிக்கிழமை அந்த வங்கிப் பெண் உதிரப்போக்கோடு வந்தாள். துடிப்பு இல்லை. திரையில் ஒரு சின்ன உருவம் குப்புறக் கிடந்தது. அது எதையும் பார்க்கவில்லை.

இப்படி எத்தனையோ பார்த்தவள்தான். என்றாலும் அன்று அந்த அறை அவளுக்குப் பிடிக்காமல் போயிற்று. ஜன்னலில் கறுப்புத் துணி, வெளியே பட்டப்பகல் எரிந்தாலும் உள்ளே திரையின் வெளிச்சம் மட்டும், இயந்திரச் சூட்டில் வெதுவெதுக்கும் ஜெல்லின் இனிப்பு வாசனை, அதனடியில் ஸ்பிரிட் நெடி, இவற்றோடு யாரோ மிக அருகில் இருந்துகொண்டு மூச்சை அடக்குவதுபோல ஏசி நின்று நின்று ஓடும் சத்தம்.

நான்கு வாரம் கழித்து ஒரு பள்ளி ஆசிரியை வந்து படுத்தாள். பதினாறு வாரம். கருவியை வைத்ததுமே அது திரும்பிவிட்டது. காத்திருந்த மாதிரி. கண்குழிகள் இரண்டும் நேராக அவளை நோக்கி. பிறகு இடது கையைத் தூக்கி விரித்தது.

ஆறு விரல்.

போன மாதம் இதே ஆசிரியைக்கு அவள்தான் ஸ்கேன் எடுத்திருந்தாள். பழைய படங்களைத் தேடித் திறந்தாள். ஐந்துதான். மறுபடி எண்ணினாள். ஐந்துதான்.

ஆறு விரல் இருந்த பிள்ளை ஒன்றே ஒன்றை அவளுக்குத் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன், சாப்பாட்டு இடைவேளையில், இதே கட்டிலில் தானே படுத்து, தன் வயிற்றில் தானே கருவியை வைத்துப் பார்த்த அவளுடைய பிள்ளை. அப்போது அதற்குப் பத்தொன்பது வாரம். எண்ணி எண்ணிச் சிரித்தாள். அடுத்த நாள் விடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

ஆசிரியையின் பிள்ளை மூன்று நாள்கூட இருக்கவில்லை.

அந்த வாரம்தான் அம்மா போன் செய்தாள். "தப்பா எடுத்துக்காத. தம்பி பொண்டாட்டிக்கு ஸ்கேன் வேற எடத்துல பாத்துக்கறோம். உனக்கு மனசு கஷ்டமா இருக்குமேன்னுதான்."

"எனக்குக் கஷ்டமா, இல்ல என் கண்ணு பட்டுடும்னா?"

"சாப்பிட்டியா?" என்றாள் அம்மா. ஆமாம் என்றிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. ஆனால் போனை வைத்த பிறகு அவளுக்கு ஒரு நிம்மதியும் வந்தது. வேறு இடம். நல்லது.

இரண்டு வாரம் போனது. ஒரு மத்தியானம் கதவைத் தள்ளிக்கொண்டு தம்பி மனைவி வந்து நின்றாள். வியர்த்திருந்தாள், சிரித்தாள்.

"அத்தைக்குத் தெரியாது அண்ணி. உங்க கையால பாத்தாத்தான் எனக்குத் திருப்தி."

"இன்னிக்கு மிஷின் சரியில்லம்மா. நாளைக்கு வேற ஆள் வருவாங்க, வா."

"நாளைக்கு லீவு கிடைக்காது. இப்பதானே ஒருத்தங்களுக்கு எடுத்து முடிச்சீங்க?" சொல்லிக்கொண்டே செருப்பைக் கழற்றிவிட்டு ஏறிப் படுத்துவிட்டாள்.

"எத்தனை வாரம்?"

"பத்தொன்பது."

குடும்பத்தில் எல்லாரும் ஒதுக்கியபோது இவள் ஒருத்திதான் தேடி வந்திருக்கிறாள். 'எழுந்து ஓடு' என்று இவளிடம் எப்படிச் சொல்வது? சொன்னால் என்ன காரணம் சொல்வது?

ஜெல்லைப் பிதுக்கினாள். கருவியை வைத்தாள்.

பிள்ளை முதுகைக் காட்டிக்கொண்டு கிடந்தது. சாதாரணப் பிள்ளை. முத்துக் கோத்ததுபோல் முதுகெலும்பு. ஸ்பீக்கரைத் திறந்ததும் துடிப்பு, குதிரை ஓடுகிற வேகத்தில். நூற்று நாற்பத்தெட்டு. அவளுக்கு மூச்சு வந்தது.

"பாத்தியா, எவ்வளவு சமத்தா..."

அது திரும்பியது.

மெதுவாக. அவசரமே இல்லாமல். முகம். கண்குழி. இடது கை எழுந்து, விரிந்து, கருவி வைத்திருந்த இடத்தை உள்ளிருந்து தொட்டது. அவள் எண்ணவில்லை. எண்ண வேண்டியதும் இல்லை.

கையை எடு. எடுத்துவிடு. இது உன் தம்பியின் பிள்ளை இருக்கிற இடம். எடு.

கை வரவில்லை. யாரும் பிடித்திருக்கவில்லை, அவளுக்குத்தான் எடுக்க மனமில்லை. ஐந்து முறை. இரண்டு வருடம். ரெண்டு, ரெண்டு என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொன்ன பொய்.

"வா" என்றாள்.

"என்ன அண்ணி?"

ஸ்பீக்கர் அடங்கியது. திரையில் துடிப்புக் கோடு படுத்துவிட்டது. சின்ன உருவம் ஒன்று குப்புறச் சரிந்தது.

"சத்தம் நின்னுபோச்சே." தம்பி மனைவி தலையைத் தூக்கினாள். பிறகு முகம் தெளிந்தது. "இல்ல, கேக்குது. இதோ கேக்குது பாருங்க."

அவள் சொன்னது சரிதான். துடிப்பு கேட்டது. அதே வேகம். ஆனால் தம்பி மனைவியின் தலை ஸ்பீக்கர் பக்கம் திரும்பவில்லை. சிரிப்பு மாறாத முகத்தோடு, அவள் தன் அண்ணியின் வெள்ளைக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வயிற்றுக்கு நேராக, ஒன்றுமே இல்லாத அந்த இடத்தில், துணி உள்ளிருந்து அழுத்தப்பட்டு எழுந்தது. தணிந்தது. மறுபடி எழுந்தது.