சில்லிமட்டத்தில் நின்ற வட்டம்

சில்லிமட்டத்தில் குக்கர் விசில் அடித்து நாற்பத்துமூன்று நாளாகிவிட்டது. மிக்சி ஓடவில்லை. பேருந்து பாலத்துக்கு அந்தப் பக்கமே நின்றுவிடுகிறது. பள்ளிக்கூட மணியைக் கழற்றி அலமாரியில் வைத்திருந்தார்கள். ஊர் தேசியப் பூங்காவாக இருந்தது.

ஓர் ஊர் பூங்காவாவது புதிதல்ல. இரண்டு நாள் இருக்கும், மிஞ்சினால் நாலு நாள். நாற்பத்துமூன்று என்பது எங்கேயும் கேள்விப்படாத கணக்கு. அதனால்தான் வட்டத் தணிக்கையாளர் இசக்கியம்மாள் தென்காசியிலிருந்து வந்து, ஜீப்பைப் பாலத்தில் விட்டுவிட்டு, ஏற்றத்தில் மூச்சு வாங்க நடந்துகொண்டிருந்தாள்.

காடுகளுக்கு நிலையான எல்லை இருந்த காலம் போய் இருபது வருடமாகிறது. வரைபடத்தில் போட்ட கோட்டை மிருகங்களும் மதிக்கவில்லை, மனிதர்களும் மதிக்கவில்லை. பிறகு மூச்சுக்கம்பங்கள் வந்தன. காற்றில் கரைந்து வரும் மூச்சை முகர்ந்தே எந்த மிருகம் எங்கே நிற்கிறது என்று அவை சொல்லிவிடும். அதைக் கேட்டுக்கொண்டு எல்லைவரைவி என்னும் தலைமை இயந்திரம் அந்த மிருகத்தைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்கு வட்டம் போடும். வட்டத்துக்குள் இருப்பதெல்லாம் அந்த நேரத்துக்குத் தேசியப் பூங்கா. மிருகம் நகர்ந்தால் பூங்காவும் நகரும். கம்பத்து விளக்கு பச்சையாக எரியும்வரை இயந்திரம் ஓடக்கூடாது, தோண்டக்கூடாது, சத்தம் போடக்கூடாது. வெள்ளையானால் அவரவர் வேலையைப் பார்க்கலாம்.

சில்லிமட்டத்தில் நின்றது ஒற்றைக் காட்டுமாடு. வயதான காளை, இடது கொம்பின் நுனி உடைந்தது. பாலத்துக்கு அந்தப் பக்கம் பதினாறு மண்வாரி இயந்திரங்கள் தார்ப்பாய் போர்த்திக் காத்திருந்தன. மலைமேல் நீர்த்தேக்கம் வரப்போகிறது. இருநூற்றுப் பன்னிரண்டு வீடுகளை இடிக்க வேண்டும். எல்லா வீட்டுச் சுவரிலும் சிவப்பு எண் எழுதியாயிற்று. மாடு போனால் வீடுகள் போகும். மாடோ போகிற வழியாக இல்லை.

யாரோ பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று தென்காசியிலிருந்து புறப்படும்போதே இசக்கியம்மாள் முடிவு செய்துவிட்டாள். பத்தொன்பது வருட வேலையில் தானாக நடந்தது என்று எதையும் அவள் பார்த்ததில்லை.

ஊர் எல்லையில் வனக்காவலர் பெள்ளன் நின்றிருந்தார்.

"கயித்துல கட்டியிருக்கா?" என்று மெல்லிய குரலில் கேட்டாள்.

"கிட்டப் போனவனே கிடையாதும்மா. போனா கம்பம் காட்டிக் குடுத்துடுமே."

அது சரிதான். முன்பு ஒருவன் வாழைப்பழத்தைக் காட்டி ஒரு மானை வாரா வாரம் பங்காளியின் வயலுக்குக் கூட்டிப்போய், அறுவடை நேரத்தில் அதைப் பூங்காவாக்கிவிட்டான். அதன்பிறகு வந்ததுதான் பதினேழாம் பிரிவு. மனித மூச்சும் மிருக மூச்சும் ஒரு முழத்துக்குள் இருபது எண்ணும் நேரம் கலந்து நின்றால், அந்த மிருகம் மனிதருக்குப் பழகிவிட்டது. அது இனி அந்த மூச்சுக்கு உரியவரின் வளர்ப்பு. வட்டம் அந்த நிமிடமே கலைந்துவிடும். இசக்கியம்மாள் கம்பத்தின் பதிவுகளை முதல் நாளிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஒரு முறைகூடக் கலக்கவில்லை.

கிட்டப் போகாமல் ஒரு காளையைப் பிடித்து வைப்பது எப்படி?

காலைச் சாப்பாட்டுக்குப் பெள்ளன் வீட்டில் கீரைக் குழம்பு. வாயில் வைத்ததும் அவரைப் பார்த்தாள்.

"உப்பு?"

"வீட்டுல ரத்தக்கொதிப்பும்மா" என்றார், தட்டைப் பார்த்துக்கொண்டு.

பதினொரு மணிக்கு பேக்கரியில் பன் தின்றாள். காகிதம் மாதிரி இருந்தது. புது மாவு என்றார் கடைக்காரர். மத்தியானம் கொழுந்து பறிக்கும் பெண்களுக்குத் தலைவியான லூர்துமேரி அவளைச் சாப்பிடக் கூப்பிட்டாள். ரசத்திலும் உப்பில்லை.

"டாக்டர் வேண்டாம்னுட்டாரு மேடம்."

"யாருக்கு?"

"எனக்கு. எம் புருசனுக்கு. பக்கத்து வீட்டுக்கு."

"ஊருக்கே ஒரே சீக்கா? சரி, ஊறுகாயாவது கொண்டா."

லூர்துமேரி தயங்கித் தயங்கி ஜாடியைக் கொண்டுவந்தாள். உப்பில்லாத எலுமிச்சை ஊறுகாயை இசக்கியம்மாள் வாழ்க்கையில் அன்றுதான் பார்த்தாள். மேலே சாம்பல் நிறத்தில் பூஞ்சணம் பூத்திருந்தது.

அவள் கைகழுவிவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் நடந்தாள். மைதானத்தின் ஓரத்தில், காடு தொடங்குகிற இடத்தில், ஒரு பாறை. அதன் நடுப்பகுதி மட்டும் நக்கி நக்கி வழவழப்பாகக் கிடந்தது. இடுக்கில் வெள்ளைப் பொடி. சுரண்டி நாக்கில் வைத்துப் பார்த்தாள். மீதியை ஒரு உறையில் போட்டு, முத்திரை ஒட்டி, தேதியும் நேரமும் எழுதினாள்.

உப்பு வைத்து மிருகங்களை இழுக்கிறார்கள் என்பதற்காகவே மலை ஊர்களில் ரேஷன் அட்டைக்கு மாதம் ஒரு கிலோ உப்புதான். அந்த ஒரு கிலோ ஒவ்வொரு வீட்டிலிருந்தும் இந்தப் பாறைக்கு வந்திருக்கிறது. காளை ஓடைக்குத் தண்ணீர் குடிக்க இறங்கும் நேரம் பார்த்து, வீட்டுக்கு ஒருவராக முறை வைத்துத் தூவியிருக்கிறார்கள். கம்பம் மூச்சைத்தான் முகரும். உப்புக்கு மூச்சில்லை.

பின்னாலேயே வந்து நின்ற லூர்துமேரி, "எழுதப் போறீங்களா?" என்றாள்.

"அதுக்குத்தானே வந்தேன்."

"எழுதினா மாட்டை மயக்க ஊசி போட்டு வேற மலைக்குக் கொண்டு போவீங்க. அது பாலத்தைத் தாண்டுறதுக்குள்ள அந்த வண்டிங்க மேல வந்துரும். கீழ எங்களுக்குக் குடுத்திருக்கிற எடத்தைப் பார்த்தீங்களா? பொட்டல். ஒரு கெணறு கெடையாது. கோர்ட்டுல தேதி குடுத்திருக்காங்க, இன்னும் ஒம்பது நாள். அதுவரைக்கும் இது நின்னா போதும் மேடம்."

"எல்லாத்தையும் எங்கிட்ட எதுக்குச் சொல்ற? நான் யாருன்னு தெரியுமா உனக்கு?"

"நீங்க அணைக்கட்டு ஆளுன்னு பாதி ஊர் சொல்லுது. எனக்கும் அந்தச் சந்தேகம்தான். அதான் ரசத்தை ஒரு கரண்டி கொறைச்சு ஊத்துனேன்."

இசக்கியம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. அதை அடக்கிக்கொண்டு பள்ளிக்கூட வராந்தாவில் போய் உட்கார்ந்தாள்.

அறிக்கையில் பதினொரு கேள்விகள். வழக்கம்போல ஒன்றிலிருந்து வரிசையாக எழுதினாள். ஒன்பதாவதில் பேனா நின்றது. 'விலங்கு தங்கியதற்கான காரணம்.' பூஞ்சணம் பூத்த ஊறுகாய் கண்ணுக்குள் வந்தது. ஒரு ஊரே நாற்பத்துமூன்று நாள் வாய்ருசியை விட்டிருக்கிறது. ஒருத்தர் வாய் திறக்கவில்லை. இத்தனை சரியாக நடந்த குற்றத்தை அவள் பார்த்ததில்லை. இதைக் குற்றம் என்று எழுத அன்றைக்குக் கையும் வரவில்லை.

'கண்டறிய இயலவில்லை' என்று எழுதினாள். பத்தொன்பது வருடத்தில் முதல் தடவை.

ஆனால் பையில் முத்திரை போட்ட உறை இருக்கிறது. உறையை வைத்துக்கொண்டு அப்படி எழுதுவது அவளுக்கு ஒப்பவில்லை. எடுத்த இடத்திலேயே போட்டுவிடுவது என்று எழுந்தாள்.

நாலு மணி மூடுபனி இறங்கியிருந்தது. பாறையருகே உறையைக் கிழித்து உப்பை உள்ளங்கையில் கொட்டினாள். இடுக்கில் தூவக் குனிந்தபோது பக்கத்தில் ஒரு பெருமூச்சு கேட்டது. காளை அங்கேதான் நின்றுகொண்டிருந்தது. பனியில் அவள்தான் பார்க்கவில்லை.

அசையக்கூடாது, பிறகு மெதுவாக மூன்றடி பின்னால் எடுத்து வைக்க வேண்டும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு அவளே சொல்லிக்கொடுக்கும் பாடம். அசையாமல் நின்றாள். காளை தலையைத் தாழ்த்தியது. சொரசொரப்பான பெரிய நாக்கு அவள் உள்ளங்கையை ஒரு முறை வழித்தது. பிறகு இன்னொரு முறை. சூடாக இருந்தது. மூன்றடி பின்னால் வைப்பதற்குப் பதிலாக அவள் கையை இன்னும் கொஞ்சம் விரித்தாள்.

கம்பம் இருபது எண்ணி முடித்தது. விளக்கு வெள்ளையானது.

ஊர் முழுக்க அடுத்தடுத்து எல்லாக் கம்பங்களும் வெள்ளையாயின. "பதினேழாம் பிரிவு. வளர்ப்பு மாடு. உரிமையாளர், வட்டத் தணிக்கையாளர் இசக்கியம்மாள்" என்று அவை ஒரே குரலில் அறிவித்தன. வீடுகளிலிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள். லூர்துமேரி அவளுடைய ஈரமான கையையும் கிழிந்த உறையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நாப்பத்திமூணு நாள் நாங்க யாரும் அது மூஞ்சியக்கூடக் கிட்டப் பார்க்கல" என்றாள்.

இசக்கியம்மாள் தலைமை அலுவலகத்தைக் கூப்பிட்டாள். மேலதிகாரி சந்தானகிருஷ்ணன் பேசினார்.

"சார், இது காட்டுமாடுதான். உப்பு வாசனைக்கு வந்திச்சு, அவ்வளவுதான். ஒரு சத்தம் கேட்டா காட்டுக்குள்ள ஓடிரும்."

"எத்தனை நாளா உப்பு வைக்கறீங்கம்மா?"

"சார்!"

"கேக்கறது என் வேலை இல்லியா? சரி, சத்தம் இப்ப வரும். வண்டிங்களுக்குச் சொல்லியாச்சு. ஓடுச்சுன்னா அதை அப்படியே எழுதிக் குடுங்க. பழகலைன்னு எடுத்துக்கிட்டு வட்டத்தைத் திருப்பிப் போடச் சொல்றேன்."

அவர் சொன்னதை அவள் ஊராரிடம் சொன்னதும், பெள்ளன் தான் வனக்காவலர் என்பதை மறந்து கல்லை எடுத்தார். யாரோ தட்டைத் தட்டினார்கள். அலமாரியிலிருந்த பள்ளி மணியை எடுத்துவந்து அடித்தார்கள். நாற்பத்துமூன்று நாள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்த ஊர் தொண்டை கிழியக் கத்தியது. "ஓடு! ஓடித் தொலை சனியனே!" என்று லூர்துமேரி அழுதுகொண்டே முந்தானையை வீசினாள். காளை காதை ஆட்டியது. மிரண்ட கண்ணால் காட்டைப் பார்த்தது, ஒரு அடி அந்தப் பக்கம் வைத்தது.

"போ" என்றாள் இசக்கியம்மாள். "போயிரு ராசா, போயிரு."

அப்போது பாலத்துப் பக்கமிருந்து முதல் மண்வாரி இயந்திரத்தின் ஹாரன் மலையெல்லாம் எதிரொலித்தது. கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. காளை உடம்பெல்லாம் சிலிர்த்து ஒரே துள்ளலில் திரும்பி ஓடியது.

காட்டுக்குள் அல்ல. இசக்கியம்மாளுக்குப் பின்னால் போய் நின்று, அவள் முதுகில் தலையை முட்டிக்கொண்டது.