மேம்பாலம் ஏறாத வண்டி

அன்றைக்கும் அப்பா மேம்பாலத்தில் இறங்கி நடந்திருக்கிறார். செருப்பைக் கழற்றுவதற்கே அவர் சுவரைப் பிடித்துக்கொண்டதைப் பார்த்ததும் வக்கீலுக்கு அது புரிந்துவிட்டது.

வக்கீல் என்றால் கறுப்பு அங்கி போட்டவர் இல்லை. ஐந்தாம் வகுப்பில் படிக்கும் பெண். யார் எதைச் சொன்னாலும் "அது எப்படி?" என்று கேட்பாள். அதனால் அப்பா வைத்த பெயர் அது. அவளுடைய ஆறு வயதுத் தம்பியை எல்லோரும் பொடியன் என்பார்கள்.

அப்பாவின் சிறுநீரகங்கள் சரியாக வேலை செய்யவில்லை. வாரத்தில் மூன்று நாள் மருத்துவமனையில் ஓர் இயந்திரம் அவருடைய ரத்தத்தைச் சுத்தம் செய்யும். ஒரு தடவைகூட விடக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். நெரிசலான பஸ்ஸில் அப்பாவால் நிற்க முடியாது. அம்மாதான் அவரைப் பழைய மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போவார்.

அந்த வண்டிக்கு வக்கீலைவிட வயது அதிகம். ஆனாலும் இதுவரை அடம்பிடித்ததில்லை. கொஞ்ச நாளாகத்தான் இந்தக் கோளாறு. மெதுவாகப் போனால் ஒன்றுமில்லை. மேட்டில் ஏற ஆக்சிலேட்டரை முறுக்கினால் மட்டும் வேகம் எடுக்காமல் இருமும்; பிறகு சோர்ந்துவிடும். பின்னால் வருகிறவர்கள் ஹாரனை அலறவிடுவார்கள். அப்பா இறங்கி, பாலத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பார்.

மறுநாள் மாலையில் மெக்கானிக் மாமா வண்டியைத் திருப்பிக் கொண்டுவந்து விட்டார்.

"பிளக் மாத்திட்டேன். கார்புரேட்டரைக் கழுவிட்டேன். பக்க மூடியைக் கழட்டிப் பார்த்தேன், ஏர் ஃபில்டரும் சுத்தமா இருக்கு. நானே ஓட்டிப் பார்த்தேன்க்கா, குதிரை மாதிரி பறக்குது!"

"பாலத்துல மட்டும் படுத்துக்குதே" என்றார் அம்மா.

"வயசாயிடுச்சுல்ல. ஒரு ஆளை இழுக்கும். ரெண்டு பேர்னா அதுக்குத் தெம்பு இல்ல. அவ்ளோதான்."

உள்ளே படுத்திருந்த அப்பாவின் காதில் அது விழுந்தது.

சாப்பிடும்போது அவர் பாதியிலேயே தட்டைத் தள்ளிவைத்தார்.

"என்னங்க, ரெண்டு வாய்தானே சாப்பிட்டீங்க?"

"போதும். வண்டிக்குக் கொஞ்சம் பாரம் குறையட்டுமே."

சொல்லிவிட்டு அப்பா சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை.

"அது எப்படிப்பா?" என்றாள் வக்கீல். "போன வருஷம் நீங்க தொப்பையும் தொந்தியுமா இருந்தீங்க. அப்போ நம்ம நாலு பேரையும் இதே வண்டி அதே பாலத்துல ஏத்துச்சே. இப்போ உங்க பெல்ட்டுல புதுசா ஓட்டை போட்டிருக்கு. சீட்டுல உக்காந்தா எலும்பு குத்துதுன்னு வேற சொல்றீங்க. நீங்க இளைச்சப்புறம் எப்படிப் பாரம் ஜாஸ்தியாகும்?"

"வண்டியும் என்னை மாதிரிதாம்மா. தளர்ந்துபோச்சு."

எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு அவர் அம்மாவிடம் தணிந்த குரலில் சொன்னார்: "நாளைக்கு ஒரு தடவை போகாம இருந்து பார்ப்போமா?"

பாத்திரம் துலக்கும் சத்தம் சட்டென்று நின்றது.

வக்கீலுக்குப் பக்கத்தில் படுத்திருந்த பொடியன் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தான். அவன் எப்போதும் கட்டிக்கொண்டு தூங்கும் நீலப் போர்வை சில நாளாகவே இல்லை என்பதை அவள் அப்போதுதான் கவனித்தாள். அது இல்லாவிட்டால் வீட்டையே இரண்டாக்குகிறவன், சத்தமில்லாமல் சுருண்டு கிடந்தான்.

"போர்வை எங்கடா?"

"தெரியாது" என்று அவன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

மறுநாள் காலை அம்மா வண்டியை வாசலில் நிறுத்தி, பக்கத்தில் நின்றபடியே ஸ்டார்ட் செய்தார். வக்கீல் மருத்துவமனைப் பையை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தாள். அம்மா ஆக்சிலேட்டரை முறுக்கினார். சத்தம் கொஞ்சம் ஏறியது. பிறகு இருமியது. கரும்புகை வந்தது.

"பார்த்தியா, நின்ன இடத்துலயே ஆரம்பிச்சுடுச்சு" என்றார் அம்மா.

பை நழுவிக் கீழே விழுந்தது. அதை எடுக்க வக்கீல் இறங்கினாள். அம்மா மறுபடி முறுக்கினார். இப்போது எஞ்சின் தங்குதடையில்லாமல் முழங்கியது.

வக்கீல் ஏறினாள். இருமல். இறங்கினாள். முழக்கம்.

"அம்மா, வண்டி கியர்ல இருக்கா?"

"இல்லையே, நியூட்ரல்."

"அது எப்படி? இப்போ அது யாரையும் இழுக்கலை. சும்மாதான் நிக்குது. நான் உக்காந்தா மட்டும் ஏன் திணறணும்?"

அம்மாவின் கை அப்படியே நின்றது.

வக்கீல் முன்பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். "இப்போ முறுக்கும்மா." முழக்கம். பின்பக்கம் நகர்ந்தாள். இருமல்.

"பாரத்துல ஒண்ணும் இல்லம்மா. பின்சீட்டுக்கு அடியில என்னமோ இருக்கு."

"அதைத் திறக்காதம்மா!" வாசற்படியில் நின்ற பொடியனின் முகம் வெளிறிப்போயிருந்தது.

அம்மா எஞ்சினை நிறுத்தினார். சாவியைத் திருப்பிச் சீட்டைத் தூக்கினார்.

உள்ளே நீலப் போர்வை மடித்து வைக்கப்பட்டிருந்தது. அதன் நடுவில் ஒரு குழி. குழியைச் சுற்றிக் கறுப்பு வளையம். போர்வையை எடுத்ததும் ஒரு பெட்டியும் அதன் திறந்த வாயும் தெரிந்தன. எஞ்சின் காற்றை உறிஞ்சுவது அந்த வாய் வழியாகத்தான்.

மெதுவாகப் போகும்போது எஞ்சினுக்குக் கொஞ்சம் காற்று போதும். முறுக்கினால் நிறைய வேண்டும். யாராவது பின்னால் உட்கார்ந்ததும் போர்வை அமுங்கி அந்த வாயை அடைத்திருக்கிறது. மெக்கானிக் மாமா தனியாக ஓட்டியபோது பின்னால் யாரும் இல்லை.

"ஏண்டா..." அம்மா கையை ஓங்கினார். பாலத்தில் அப்பா நடந்த நடை எல்லாம் அந்தக் கையில் இருந்தது.

வக்கீல் நடுவில் புகுந்து தம்பியின் முன்னால் மண்டியிட்டாள்.

"எலும்பு குத்துதுன்னு அப்பா சொன்னாரே, அதுக்காகவா வச்சே?"

பொடியன் தலையாட்டினான். "மேல வச்சா பறந்துடும்ல. அதான் உள்ள வச்சேன்." பிறகு உதடு கோணியது. "என்னாலதான் அப்பா நடந்தாரா?"

அம்மாவின் கை இறங்கி அவன் தலையில் தங்கியது.

"நீ வச்ச பொருள் சரிடா. இடம்தான் தப்பு" என்றாள் வக்கீல். "மேல வச்சு, பறக்காம கட்டிடுவோம். உனக்குத்தான் ஷூ முடிச்சுப் போடத் தெரியுமே?"

மூக்கை உறிஞ்சிக்கொண்டே பொடியன் தலையாட்டினான். போர்வையை உதறி, சீட்டின் மேல் விரித்தார்கள். வக்கீல் ஒரு கயிற்றைக் கொண்டுவந்து இழுத்துப் பிடித்தாள். பொடியன் நாக்கை நீட்டியபடி முடிச்சுப் போட்டான். ஒரு முடிச்சுக்கு நாலு முடிச்சு.

நிமிர்ந்தபோது அப்பா வாசலில் நின்றுகொண்டிருந்தார். எப்போதிலிருந்து நிற்கிறார் என்று தெரியவில்லை. கிட்டே வந்து போர்வையைத் தடவிப் பார்த்தார்.

சோதித்துப் பார்க்க அக்காவும் தம்பியும் பின்னால் ஏறிக்கொண்டார்கள். அம்மா ஸ்டார்ட் செய்து முறுக்கினார். முழக்கம் தெருக்கோடி வரை கேட்டது.

"பாலம் ஏறுமா, வக்கீல்?" என்றார் அப்பா.

"ஏறும்ப்பா. நீங்க குற்றவாளி இல்ல. கேஸ் முடிஞ்சுது."

மாலையில் வண்டிச் சத்தம் கேட்டதும் இருவரும் வாசலுக்கு ஓடினார்கள்.

"நடந்தீங்களாப்பா?"

"இல்லம்மா. உக்காந்தேதான் போனேன், உக்காந்தேதான் வந்தேன்."

"குத்துச்சா?" என்றான் பொடியன்.

"குத்தவே இல்லடா."

அன்று இரவு வக்கீல் தன் போர்வையில் தம்பிக்கும் இடம் கொடுத்தாள். அதற்கு முன்னால், எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது, அம்மா பரிமாறிவிட்டுக் கரண்டியைக் கீழே வைக்கப் போனார்.

"வைக்காதே" என்று அப்பா தட்டை நீட்டினார். "இன்னும் கொஞ்சம் போடு."